வடிவுராயன் என்று இன்னொரு பிள்ளை

என் மகன் வடிவுராயனுக்கு,

கல்லறைத் திருநாள் அன்று காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில், அந்தச் சிலுவைக்கு முன்னால் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், நம் பக்கத்து வீட்டு பிலோமினா, அவள் மகள் ஜெனிபர், கறுப்புப் பெயிண்டு டப்பாவும் மெல்லிய பிரஷுமாக ஒரு பெரியவர், கடைசியில் மெழுகுவர்த்திக் கட்டோடு வந்து சேர்ந்த லூர்து. உன் அப்பா அங்கே இல்லை. "உங்கம்மாவுக்கு ஏதோ காத்து கறுப்பு அடிச்சிருச்சுடா, அதான் போன் போட்டுட்டு பேசாம வெச்சிட்டா" என்று, விஷயம் தெரியும் முன்பே அவர் உன்னிடம் சொன்னாராம். எனக்கு ஒன்றும் அடிக்கவில்லை. நடந்ததை நடந்தபடி நானே எழுதுகிறேன். போனில் இவ்வளவும் சொல்லி முடியாது. ஜெனிபர் இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

நான் ஏன் அங்கே போனேன் என்று முதலில் கேட்பாய். நம் வீட்டில் பெண்கள் சுடுகாட்டு வாசல்கூட மிதிப்பதில்லை என்பது உனக்குத் தெரியும். பிலோமினாவின் வீட்டுக்காரர் போன வருஷத் திருநாளுக்குப் பிறகு தவறிப்போனவர். இது அவருக்கு முதல் கல்லறைத் திருநாள். "தனியாப் போவ எனக்கு தெம்பு இல்லக்கா, நீ சும்மா என் பக்கத்துல நின்னா போதும்" என்று அவள் கேட்டபோது எப்படி மறுப்பது? மனசுக்குள் வடிவுடையம்மனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பினேன். போய்ப் பார்த்தால் நான் பயந்த இடமாகவே இல்லை. திருவிழாக் கூட்டம். சாமந்தி மாலை, ஊதுபத்தி, சுண்ணாம்பு அடித்த சிலுவைகள், குழந்தைகள் கையில் பொரிக்கடலை. மதிலுக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர்கள் ஹாரன் அடித்தபடி நிற்க, இந்தப் பக்கம் ஆட்கள் தங்கள் வீட்டு மனிதர்களோடு சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பிலோமினாவும் ஜெனிபரும் மண்ணைக் கூட்டிப் பூ அடுக்கினார்கள். எனக்கு அங்கே செய்ய ஒரு வேலையும் இல்லை.

வேலை இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்பதும் உனக்குத் தெரியும். கண்ணில் படும் எழுத்தையெல்லாம் படிப்பேன். பள்ளிக்கூடம் போகாமல், பஸ் ஜன்னலில் கடைப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து எழுத்துக்கூட்டக் கற்றவள், அந்தப் பழக்கம் போகவில்லை. அடுத்த வரிசையில் ஒரு பெரியவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மழையில் அழிந்த சிலுவை எழுத்துகளின் மேல் புதிதாகப் பெயிண்டு எழுதிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாளில்தான் அவருக்கு அந்த வேலை. மற்ற நாட்களில் படகுகளுக்குப் பேர் எழுதுகிறவராம். கையெழுத்து முத்துப்போல இருந்தது. வ என்று எழுதினார். டி எழுதினார். வு எழுதினார். வடிவு. யாரோ பெண் பிள்ளை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். நம் அம்மன் பேர் கிறிஸ்தவர் கல்லறையில் எப்படி என்று ஒரு சின்ன ஆச்சரியம், அவ்வளவுதான். அவர் பிரஷைத் தோய்த்து ரா எழுதினார். நான் ஓரடி கிட்டே போனேன். அடுத்து ய எழுதி, ன எழுதி, அதன் தலையில் புள்ளி வைத்தார்.

ராயா, உன் பேர் அது. என் எதிரில், ஈரம் காயாமல், சிலுவையில். எழுத்தைத் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று மறுபடி முதலிலிருந்து படித்தேன். அதே பேர்தான். அதற்குக் கீழே பிறந்த தேதி, உன் பிறந்த நாளுக்கு முந்தின நாள், அதே வருஷம். அதற்கும் கீழே இன்னொரு தேதி. எனக்குக் காது அடைத்துப்போனது. டிரெய்லர் சத்தமெல்லாம் நின்றுவிட்டது. அப்போதுதான் உனக்குப் போன் போட்டேன். "அம்மா, மீட்டிங்ல இருக்கேம்மா, என்ன விஷயம்?" என்று நீ எரிச்சலாகக் கேட்டாய். அந்த எரிச்சல் என் காதில் தேனாக விழுந்தது. அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை, வைத்துவிட்டேன். அதுதான் அந்தப் போனின் கதை.

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா அப்டி பாக்குற? எழுத்து கோணலா கீதா?"

"யாருங்க இது?"

"வாலிபப் புள்ள. அவங்கம்மா மெழுகுவத்தி வாங்கப் போய்க்கீது." பிரஷைத் துணியில் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார்: "நானும் எத்தினியோ வருசமா எழுதுறேன். அந்தோணி, சவேரியாரு, மேரின்னு கை தானா ஓடும். இந்தப் பேரு மட்டும் இந்த ஒரு கல்லுலதான். ஒவ்வொரு தபாவும் பாத்துப் பாத்து எழுதணும்."

இந்தப் பேர் உலகத்தில் உன் ஒருவனுக்குத்தான் என்று நான் எத்தனை பேரிடம் பெருமை அடித்திருப்பேன்! நீ பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்துவிட்டு, "ஒருத்தர்கூட இல்லம்மா, உலகத்துலயே நான் மட்டும்தான்" என்று ஓடிவந்து சொன்ன நாளில் உனக்குப் பால் பாயசம் வைத்துக் கொடுத்தேன். பின்னால் அதே பேரால் நீ பட்ட பாடும் எனக்குத் தெரியும். பசங்க "வடிவக்கா, வடிவக்கா" என்று கூவி, நீ ஒருவனின் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தாய். வகுப்பு டீச்சர் பேரைச் சுருக்கிக்கொள்ளச் சொன்னபோது நான் நேரில் போய், "நீங்க வெச்ச பேரு இல்லீங்களே டீச்சர், நீங்க எப்படிச் சுருக்குவீங்க?" என்று கேட்டுவிட்டு வந்தேன். நீ வெட்கத்தால் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஊரில் ஒருவருக்கும் இல்லாத பேர் பெருமையாகவும் இருக்கும், முதுகில் மூட்டையாகவும் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. புனேயில் உன் ஆபீசில் ரே என்று கூப்பிட்டு, அது ரியானாகி, கட்டிக்கொள்ளப்போகிற நிவேதாவும் அப்படியே கூப்பிடுகிறாள் என்றும், சட்டப்படி மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றும், கல்யாணப் பத்திரிகையிலும் ரியான் என்றே போடச் சொல் என்றும் போன வாரம் நீ சொன்னபோது நான் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை. மறுநாளே வண்ணாரப்பேட்டை அச்சகத்துக்குப் போய் அந்தப் பேரைத்தான் எழுதிக் கொடுத்தேன். பேர் வைக்கும்போது நாங்கள் உன்னைக் கேட்கவில்லை, எடுக்கும்போது நீ எங்களைக் கேட்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

உன் பேர் வந்த விதம் உனக்குத் தெரிந்த அளவு இவ்வளவுதான்: வடிவு என்பது நம் திருவொற்றியூர் அம்மன், ராயன் என்பது ராயபுரத்து சர்ச்சின் ராயப்பர், வேண்டுதலால் வைத்த பேர். அந்த வேண்டுதலுக்குள் இன்னொரு பிள்ளை இருந்தான் என்பதை நான் சொன்னதில்லை. ஒளிக்க நினைத்து இல்லை. சொல்ல வேண்டிய சந்தர்ப்பம் வந்ததில்லை.

நீ பிறந்ததும் அழவில்லை. கண்ணாடிப் பெட்டியில் வைக்க எடுத்துக்கொண்டு ஓடினார்கள். அரசாங்க ஆஸ்பத்திரி, அந்த வாரம் பிரசவம் குவிந்துகிடந்தது. ஒரே கட்டிலில் நானும் இன்னொருத்தியும் தலைமாற்றிப் படுத்திருந்தோம், அவள் பாதம் என் தோளில் இடிக்கும். காசிமேட்டில் மீன் விற்கிறவள். அவளுக்கு முந்தின நாள் பிறந்த பையனுக்கு மஞ்சள் காமாலை ஏறி, அவனும் அதே அறையில் பெட்டிக்குள் கிடந்தான். வார்டில் யார் யாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள்? அவள் என்னைத் "திருவொத்தியூரு" என்பாள், நான் அவளைக் "காசிமேடு" என்பேன். ஆயாம்மாதான் அவளை ஒருமுறை லூர்து என்று அதட்டியதைக் கேட்டேன். இரண்டு பேரும் குழந்தை அறையின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து காத்திருப்போம். நான் விடாமல் அம்மனைக் கூப்பிட்டு அழுதுகொண்டிருந்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஏ திருவொத்தியூரு, தெனம் அதே பொலம்பலு பொலம்பினு இருந்தா உங்கம்மா காதப் பொத்திக்கினு பூடுவா. அவங்கவங்க புள்ளைக்கு அவங்கவங்க கேக்குறது ஊர்ல எல்லாரும் பண்றதுதான். நா ஒண்ணு சொல்றேன் கேளு. உம் புள்ளைக்கு நா எங்க ராயப்பரான்ட கேக்குறேன். எம் புள்ளைக்கு நீ உங்க வடிவம்மாவான்ட கேளு. இன்னாடா இது, எவளோ ஒருத்தி வேற எவ புள்ளைக்கோ கேக்குறாளேன்னு சாமியே ஒரு நிமிசம் நின்னு கேக்கும் பாரு."

அந்த அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கேட்டேன். முழு மனசோடு, உன்னை மறந்து, அவள் பிள்ளைக்காக என் அம்மனிடம் கேட்டேன். பிழைத்தால் என் பிள்ளைக்கு அவள் சாமி பேர், அவள் பிள்ளைக்கு என் சாமி பேர் என்று பேசிக்கொண்டோம். நீ அழுத சத்தம் கேட்டதும் எனக்கு முன்னால் எழுந்து கதவைத் தட்டியவள் அவள்தான். அவள் பிள்ளையும் தேறினான். அவளை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம், எழுப்ப வேண்டாம் என்று போய்விட்டாள். வீட்டில் உனக்கு ராயன் என்று வைக்கிறேன் என்றேன். உன் அப்பா, "தலப்புள்ளைக்கு அம்மன் பேரு வெக்காம எங்க வூட்டுல யாரும் இருந்ததில்ல, அது முன்னாடி வரட்டும், உன் ராயன் பின்னாடி வரட்டும்" என்றார். இப்படித்தான் நீ வடிவுராயன் ஆனாய். நீ தவழ ஆரம்பித்ததும் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு காசிமேட்டில் அவளைத் தேடிப் போனேன். "எந்த லூர்து? இங்க கல்ல வுட்டா ஏதாவது ஒரு லூர்து மண்டைலதான் உழும்" என்று சிரித்தார்கள். அவள் பிள்ளைக்கு வடிவேல் என்றோ வடிவழகன் என்றோ வைத்திருப்பாள் என்று நானாக நினைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

சிலுவைக்கு முன்னால் நான் உட்கார்ந்தே விட்டேன். ஜெனிபர் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்போது தலை நரைத்த ஒருத்தி மெழுகுவர்த்திக் கட்டோடு வந்து என்னை உற்றுப் பார்த்தாள். "யாரும்மா நீ? எம் புள்ளையோட சேக்காளி யாருக்காவது அம்மாவா?"

"இல்ல. எம் பையனுக்கும் இதே பேருதான்."

"போம்மா," என்றாள் சட்டென்று. குரலில் கோபம். "அந்தப் பேரு வேற எவனுக்கும் கெடையாது. அது நா வெச்ச பேரு. கலக்காத."

"நானும் அப்படித்தான் நெனச்சினு இருந்தேன். எங்க வடிவம்மா பேரையும் ராயப்பர் பேரையும் சேத்து வெச்சது" என்றேன். அவள் என்னையும் சிலுவையையும் மாறி மாறிப் பார்த்தாள். கையிலிருந்த கட்டு கீழே விழுந்து மெழுகுவர்த்திகள் நாலாபக்கமும் உருண்டன. "திருவொத்தியூரு?" என்றாள்.

இத்தனை வருஷத்துக்குப் பிறகு என்னை அந்தப் பேரால் கூப்பிட்ட குரல். நான் தலையாட்டினேன். அவள் என் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு கேட்ட முதல் கேள்வி, "உன் புள்ள? உன் புள்ள கீறானா?" என்பதுதான். மகனே, இருக்கிறான் என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் பிள்ளையின் மண் மேல் நின்றுகொண்டு அதை எப்படிச் சொல்வது? பிலோமினாதான் எனக்குப் பதிலாக, "நல்லா இருக்கான்க்கா, புனேல வேலை. அடுத்த மாசம் கல்யாணம்" என்றாள். லூர்து சிலுவை போட்டுக்கொண்டாள். அழுதாள், ஆனால் அந்த அழுகையில் பொறாமை ஒரு பொட்டும் இல்லை, என் கண்ணால் பார்த்தேன். பிறகு என்னைப் பார்த்து, "பயப்படாத, உம் புள்ள மேல கண்ணு வெக்க மாட்டேன். அவனுக்குக் கேட்டதே நான்தான்" என்றாள்.

இரண்டு பேருக்கும் எப்படி ஒரே பேர் வந்தது? அதைக் கேட்டதும் என் அதிர்ச்சி இரட்டித்தது. பேசிவைத்தபடி அவள் வடிவு என்றுதான் வைக்கப் போயிருக்கிறாள். கோயிலில் சாமியார் ஞானஸ்நானத்துக்கு ஒரு புனிதர் பேரும் சேர்ந்து வரட்டும் என்றாராம். "நம்ம கோயிலு ராயப்பரு இருக்கச்சே வெளிய எதுக்கு தேடணும்? பின்னாடி சேத்துக்கினேன்" என்றாள். நான் ராயனோடு வீட்டுக்குப் போனேன், வீடு வடிவைச் சேர்த்தது. அவள் வடிவோடு கோயிலுக்குப் போனாள், கோயில் ராயனைச் சேர்த்தது. ஒருத்திக்கு இன்னொருத்தியின் முகவரி தெரியாது. ஆனால் கடைசியில் எழுத்துப் பிசகாமல் ஒரே பேரில் வந்து நின்றோம். வீட்டுக் கணக்கில் சில்லறை இடித்தால்கூட எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் படுக்காதவள் நான். இந்தக் கணக்கை யார் போட்டது என்று எனக்கு விளங்கவில்லை.

அவன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்தானாம். எண்ணூர் சாலையில், வேலைக்குப் போகும் வழியில், அவன் வண்டி மேல் டிரெய்லர் ஏறிவிட்டது. மூன்று வருஷமாகிறது. அவன் உயரம், முன்கோபம், சாப்பாட்டில் முருங்கைக்காயை ஒதுக்குவது எல்லாம் அவள் சொல்லச் சொல்ல நான் உன்னை நினைக்காமல் கேட்க முயன்றேன், முடியவில்லை.

வெள்ளிக்கிழமை அம்மன் சன்னதியில் நின்றேன். கண்ணைத் திறந்து அவள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. லூர்து அவள் சாமியிடம் உனக்குக் கேட்டாள், நீ இருக்கிறாய். நான் என் அம்மனிடம் அவள் பிள்ளைக்குக் கேட்டேன், அவன் இல்லை. நான் கேட்டது குறைந்துபோனதா? லூர்திடம் இதை அன்று கல்லறையிலேயே கேட்டிருந்தேன். அவள் என் கன்னத்தில் லேசாகத் தட்டி, "லூசு. பொறந்த வாரமே போவ வேண்டியவன், மீச மொளைக்கிற வரைக்கும் குடுத்தாளே உங்கம்மா. அத சும்மான்றியா?" என்றாள். எனக்குச் சமாதானம் ஆகவில்லை. அவளுக்கு ஆகியிருக்கிறது. அதையே பெரிதாக நினைத்துக்கொண்டு அன்று வீட்டுக்கு வந்து தலைமுழுகினேன். குழம்பில் இரண்டு முறை உப்புப் போட்டேன். உன் அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னாடி, பேயறஞ்ச மாரி கீற? கடல் தண்ணியிலயா கொழம்பு வெச்ச?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, போய் உன் சின்ன வயசுப் படத்துக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது உன்னிடம் கேட்க வந்ததற்கு வருகிறேன். கிளம்பும்போது லூர்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "வூட்ல அந்தப் பேர வாய்வுட்டுச் சொன்னா மத்த புள்ளைங்க அழுவுதுங்க. அதனால சொல்றதில்ல. ஒரே ஒரு தபா உம் புள்ளைய நா போன்ல பேர் சொல்லிக் கூப்ட்டுக்கட்டுமா? அவன் 'இன்னாம்மா'ன்னா போதும், வெச்சிர்றேன். அப்புறம் பத்திரிக அடிச்சா எனக்கும் ஒண்ணு குடு. கல்லுல மட்டும் பாத்துப் பாத்து கண்ணு பூத்துப்போச்சு. அந்தப் பேரு மஞ்சத் தடவுன பத்திரிகைல வந்து ஒரு தபா பாக்கணும்."

சரி என்று சொல்லிவிட்டேன். நீ அந்தப் பேரை விட்டுவிட்டாய், பத்திரிகையில் ரியான் என்றுதான் வரப்போகிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் காலை அச்சகத்துக்குப் போய் வேலையை நிறுத்தி வைக்கச் சொன்னேன். அச்சகக்காரர் சலித்துக்கொண்டார், வியாழக்கிழமைக்கு மேல் தாங்காது என்கிறார்.

உன்னை நான் கட்டாயப்படுத்தவில்லை. பேரைச் சுமக்கிறவன் நீ, அதனால் கேலி பட்டவனும் நீ. ரியான் என்றுதான் இருக்க வேண்டும் என்றால் அப்படியே இரு, நான் கூப்பிடப் பழகிக்கொள்வேன். லூர்திடமும் நானே போய்ச் சொல்வேன், அந்தப் பாரம் உனக்கு வேண்டாம். ஆனால் உலகத்தில் ஒருவனுக்குத்தான் இந்தப் பேர் என்று நான் சொன்னது அன்றைக்குப் பொய், இன்றைக்குத்தான் நிஜம். நீ எடுத்துவிட்டால் அது அந்தச் சிலுவையில் மட்டும்தான் மிஞ்சும், வருஷத்துக்கு ஒரு முறை பெயிண்டு அடித்துக்கொண்டு. இதைத் தெரிந்துகொண்டு நீ முடிவு செய்ய வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். நிவேதாவிடமும் படித்துக் காட்டு. அவளும் சேர்ந்து சொல்லட்டும்.

லூர்து மீனை விற்றுவிட்டு மத்தியானத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பாள். அவள் நம்பரை ஜெனிபர் இதோடு அனுப்புவாள். முதலில் அவளைக் கூப்பிடு. அவள் பேர் சொல்லிக் கூப்பிடுவாள், நீ பதில் கொடு. அதற்குப் பிறகு பத்திரிகையில் எந்தப் பேர் போடட்டும் என்று எனக்குச் சொல். புதன்கிழமை ராத்திரிக்குள் சொல்லிவிடு ராயா, அச்சகம் காத்திருக்கிறது.

அம்மா
திருவொற்றியூர்